குளக்கரையில் நிற்க ஒரு ஆள் வேண்டும்

2024 ஆகஸ்ட் முதல் வாரம். இங்கே நடுராத்திரி. அம்மா போன் பண்ணினாள்.

"மக்களே, நெய்யாற்றின்கரைப் பக்கம் குளத்துல குளிச்ச பையன் ஒருத்தன் செத்துப் போனானாம். பிள்ளையள குளத்துல இறக்கப்பிடாதுன்னு சொல்லுதாவ. உள்ளதா?"

என் பிள்ளைகள் இரண்டு பேரும் அப்போது பாறசாலையில்தான் இருந்தார்கள். பள்ளி விடுமுறை. இரண்டு வாரமாக தினமும் குளம்தான். வீடியோ காலில் தலை துவட்டிக்கொண்டே பேசுவார்கள். "நீச்சல் கத்துக்கிட்டேன்பா" என்று பெரியவன் பெருமை அடித்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவன் நான். எனக்கே இல்லை.

விஷயம் உண்மைதான். நெய்யாற்றின்கரை அருகே அதியன்னூர் பஞ்சாயத்து, கண்ணறவிளை. அங்கே ஒரு குளத்தில் குளித்த 27 வயது இளைஞர் ஜூலை 23 அன்று இறந்தார். அமீபா மூளைக்காய்ச்சல். அந்தக் குளத்தோடு தொடர்புள்ள மேலும் சிலருக்கும் நோய் வந்தது. ஆனால் அவர்களில் பலர் பிழைத்தார்கள். உலக அளவில் நெக்லேரியா அமீபா தாக்கினால் 100-க்கு 97 பேர் பிழைப்பதில்லை. அப்படிப்பட்ட நோயில் இத்தனை பேர் தப்பியது சாதாரண விஷயம் இல்லை. 2024-ல் கேரளாவில் எல்லா வகை அமீபா மூளைக்காய்ச்சலும் சேர்த்து 36 பேருக்கு வந்து, 9 பேர் இறந்தார்கள். சீக்கிரம் கண்டுபிடித்ததும், மில்டிஃபோசின் போன்ற மருந்துகளைச் சட்டென்று தொடங்கியதும் பெரிய காரணம் என்கிறார்கள்.

அன்று ராத்திரி இதெல்லாம் எனக்குத் தெரியாது. தேட ஆரம்பித்தேன். முதலில் கிடைத்த கட்டுரை, படிக்க 40 டாலர் கேட்டது. அடுத்ததும் அப்படியே. கார்டை எடுக்கப் போனேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அதற்குள் கேரள சுகாதாரத் துறை ஜூலையில் வெளியிட்டிருந்த வழிகாட்டுதல் கண்ணில் பட்டது. இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். கூடவே சில திறந்த கட்டுரைகளும் கிடைத்தன. தண்ணீரைக் குடிப்பதால் இந்த நோய் வராது, மூக்கு வழியாக ஏறினால்தான் ஆபத்து, நோய் காட்ட 1 முதல் 12 நாள் ஆகலாம் என்று படித்தேன். குளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, 12 நாள் எண்ணினேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த 12 நாளை நான் மறக்கப் போவதில்லை.

நிற்க. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ப்ரீபிரிண்ட், திறந்த அறிவியல் என்றெல்லாம் கொஞ்ச காலமாகப் பேச்சு அடிபடுகிறது. "அது ஆராய்ச்சிக்காரர்கள் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று நம்மவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

ப்ரீபிரிண்ட் என்றால் முன்பதிப்பு. ஆய்வு முடிந்ததும், பத்திரிகை சரிபார்த்து அச்சிடும் வரை மாதக்கணக்கில் காத்திராமல், எல்லோரும் படிக்கிற மாதிரி பொதுவில் வைத்துவிடுவது. இயற்பியல்காரர்கள் 1991 முதல் ஆர்க்கைவ் தளத்தில் செய்கிறார்கள். உயிரியலுக்கு பயோஆர்க்கைவ் 2013-ல் வந்தது, மருத்துவத்துக்கு மெட்ஆர்க்கைவ் 2019-ல். கொரோனா காலத்தில் டெக்ஸாமெதசோன் உயிரைக் காக்கும் என்ற ஆய்வின் முழு விவரம் 2020 ஜூன் 22 அன்று மெட்ஆர்க்கைவில் வந்தது. பத்திரிகையில் வந்தது ஜூலை 17. மூன்றரை வாரம்! அந்த நேரத்தில் மூன்றரை வாரம் என்றால் எத்தனை உயிர்?

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. அதே 2020 ஜனவரிக் கடைசியில், புதிய கொரோனா வைரஸில் எச்.ஐ.வி. போன்ற துண்டுகள் இருக்கின்றன என்று டெல்லி ஆய்வாளர்கள் ஒரு ப்ரீபிரிண்ட் போட்டார்கள். மற்ற விஞ்ஞானிகள் உடனே தவறைச் சுட்டிக் காட்ட, இரண்டு மூன்று நாளில் அவர்களே திரும்பப் பெற்றார்கள். ஆனால் வதந்தியை யார் திரும்பப் பெறுவது? அது ஊர் ஊராகப் போய்விட்டது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. வாசலில் ஒரு ஆள் நிற்க வேண்டும். "இது இன்னும் சரிபார்க்காதது, பொறு" என்றோ, "இது உனக்கு உதவும், எடுத்துக்கொள்" என்றோ சொல்ல ஒரு ஆள்.

அப்படிப்பட்ட ஆட்கள் நம்மிடம் இருந்திருக்கிறார்கள். சென்னையின் சுப்பையா அருணாசலம், ஆய்வுகள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் குரல் கொடுத்தவர். அவர் இணைந்து பணியாற்றிய எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்கள் நடத்தியது. வீராம்பட்டினத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? அமெரிக்கக் கடற்படை பொதுவில் வைத்திருந்த அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் ஆக்கி, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவித்தார்கள். தகவல் எங்கோ திறந்து கிடந்தது. அதைக் கரைக்குக் கொண்டு வந்தது ஒரு மனிதக் குரல்.

இந்தியாவுக்கென்று இந்தியாஆர்க்கைவ் 2019 ஆகஸ்டில் தொடங்கியது. வேளாண் விஞ்ஞானி ஸ்ரீதர் குதமும் ஓபன் அக்சஸ் இந்தியா நண்பர்களும் பெரும்பாலும் சொந்த நேரத்தில் செய்த வேலை. சில மாதத்திலேயே, தளத்தை நடத்த இடம் கொடுத்த அமெரிக்க அமைப்பு கட்டணம் கேட்கத் தொடங்க, தடுமாற்றம் வந்தது. இந்தோனேசியாவின் இதே மாதிரி தளத்துக்கும் அதே கதி. கோடிகள் புரளும் துறையில், இந்த மாதிரி முயற்சிகள் சில ஆயிரம் டாலருக்குத் திண்டாடுகின்றன.

"இந்திய அரசுதான் ஒரே நாடு ஒரே சந்தா கொண்டு வந்துவிட்டதே" என்பீர்கள். உண்மைதான், நல்லதுதான். 2024 நவம்பரில் ஒப்புதல், மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், சுமார் 13,000 ஆய்விதழ்கள். ஆனால் அது அரசுக் கல்லூரிகளுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும். பாறசாலையில் இருக்கும் என் தங்கைக்கு அல்ல. நெய்யாற்றின்கரையில் கிளினிக் வைத்திருக்கும் தனி டாக்டருக்கும் அல்ல.

அதிலும் நம் ஊர் எல்லை ஊர். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளாவில் நின்றது. பாறசாலையில் பஸ் ஏறினால் சீட் பிடிப்பதற்குள் களியக்காவிளை வந்துவிடும். குளத்துக்கும் அமீபாவுக்கும் அந்தக் கோடு தெரியாது. ஆனால் எச்சரிக்கைக்குத் தெரிகிறது! இங்கே மலையாளத்தில் வருகிறது, விவரம் ஆங்கிலத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து சொன்ன ஆஷா ஊழியரின் பேச்சில் அம்மாவுக்குப் பாதிதான் பிடிபட்டது. மீதிப் பாதிக்குத்தான் கடல் தாண்டி எனக்குப் போன்.

நாம் என்ன செய்யலாம்? கோயில் கொடைக்கும் பள்ளித் திருநாளுக்கும் தவறாமல் பணம் அனுப்புகிறோம். அனுப்புவோம், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் ஒரு பங்கை இவர்களுக்கும் ஒதுக்கலாமே? நம் சங்கத்து ஆண்டு விழாவில் நடிகரோடு ஒரு திறந்த அறிவியல் ஆர்வலரையும் அழைத்து, அவருக்கும் மரியாதையாக ஒரு தொகை கொடுக்கலாமே? நம்மில் எத்தனை பேர் ஆய்வகங்களில் இருக்கிறோம்! நம் கட்டுரையை நாமே முதலில் ப்ரீபிரிண்டாகப் போடலாம். ஊருக்கு வேண்டியதை ஒரு பக்கம் எளிய தமிழில் எழுதி, டாக்டர் ஒருவரிடம் காட்டித் திருத்தி அனுப்பலாம்.

நான் தொடங்கிவிட்டேன். குளத்தைப் பற்றி ஒரே ஒரு பக்கம், ஊர் டாக்டர் பார்த்துத் திருத்தியது. அம்மா அதைப் பக்கத்து வீடுகளில் வாசித்துக் காட்டினாளாம். "இப்பம் உள்ளது மனசிலாச்சு மக்களே" என்றாள்.

அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகள் ஊருக்குப் போகத்தான் போகிறார்கள். உங்கள் பிள்ளைகளும்தானே?