கடன் பத்தியில் எழுதப்படாதவர்கள்

பெங்களூரிலும் புனேயிலும் ஹைதராபாத்திலும் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையில் புதிய சடங்கு ஒன்று நடந்தேறுகிறது. முப்பதைக் கடந்த மென்பொருள் பொறியாளர் தம் மடிக்கணினியில் ஓர் அட்டவணையைத் திறக்கிறார். மியூச்சுவல் ஃபண்ட், வருங்கால வைப்பு நிதி, பங்குகள், தங்கம், வங்கி இருப்பு ஆகியவை சொத்துப் பத்தியில் நிற்கின்றன. வீட்டுக் கடன், கார்க் கடன், கிரெடிட் கார்டு நிலுவை ஆகியவை கடன் பத்தியில் நிற்கின்றன. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பது நிகர மதிப்பு. அது இலக்கை எட்டும் நாளில், 45 வயதிலேயே வேலையை உதறிவிடலாம் என்பது நம்பிக்கை. ‘ஃபயர்’ என்ற சுருக்கப் பெயரால் உலகெங்கும் அறியப்படும் இக்கனவுக்கு இந்திய நடுத்தர வர்க்கத்திலும் இன்று பக்தர்கள் பலர்.

கணக்கு எழுதுவதில் பிழையில்லை. வரவையும் செலவையும் அறியாமல் வாழ்வது பெருமையும் ஆகாது. ஆனால் இந்த அட்டவணையின் கடன் பத்தி அரைகுறையானது. வங்கிக்குத் தர வேண்டியதைப் பைசா பிசகாமல் எழுதும் கை, மனிதர்களுக்குத் தர வேண்டியதை எழுதுவதில்லை. அந்த விடுபடலின் மேல்தான் ‘சுதந்திரம்’ என்ற சொல் நிறுத்தப்பட்டிருக்கிறது.

முதலில் இலக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு சேர்த்தால் போதும் என்பது இவ்வுலகின் வேதவாக்கு. மாதம் ஒரு லட்சம் செலவென்றால் மூன்று கோடி. இதன் வேர், 1994இல் வில்லியம் பெங்கன் என்னும் அமெரிக்க நிதி ஆலோசகர் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. அமெரிக்கப் பங்குகள், அமெரிக்கக் கடன் பத்திரங்கள், அமெரிக்கப் பணவீக்கம், முப்பது ஆண்டு ஓய்வுக்காலம் ஆகியவையே அதன் எல்லைகள். முதலாண்டில் சேமிப்பின் 4 விழுக்காட்டை எடுத்து, பின்னர் விலைவாசிக்கேற்ப அத்தொகையை உயர்த்திக்கொண்டே போனாலும் முப்பது ஆண்டுகளுக்குப் பணம் தாங்கும் என்பது அதன் முடிவு. 45இல் ஓய்வு பெற்று 85 வரை வாழ்பவருக்கு வேண்டியது நாற்பது ஆண்டுகள். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், இன்றைய ஒரு லட்சம் செலவு இருபதாம் ஆண்டில் மூன்று லட்சத்து இருபதாயிரமாகும். நாற்பதாம் ஆண்டில் பத்து லட்சத்தைத் தாண்டும்.

கணிதத்தைவிடப் பெரிய வேறுபாடு ஒன்றும் உண்டு. அந்த விதி பிறந்த நாட்டில் 1935 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் ஓய்வூதியம் 1975 முதல் விலைவாசியோடு தானாகவே உயர்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு 1965இலேயே சட்டம் இயற்றப்பட்டது. சேமிப்பு தீர்ந்தாலும் காலூன்ற ஒரு தரை உண்டு என்பதே அங்கே நிலை. இந்தியாவில் இறக்குமதியானது எண் மட்டுமே, தரை வரவில்லை.

அந்தத் தரை இல்லாத நாட்டில் முதலில் விழுவோர், அட்டவணை எழுதுபவரின் பெற்றோர். தந்தை சிறுகடை நடத்தியிருப்பார், அல்லது ஓய்வூதியமில்லாத் தனியார் வேலையில் இருந்திருப்பார். தாய்க்குச் சம்பளம் என்ற ஒன்றே இருந்திராது. மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக அவர்கள் விற்ற நிலமும் அடகு வைத்த நகையும் அவன் அட்டவணையில் எங்கும் இல்லை. ஆனால் அவர்களுடைய முதுமை யாருடைய பொறுப்பு என்பதைச் சட்டம் எழுதிவிட்டது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின்படி, தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை. மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை தீர்ப்பாயம் ஆணையிடலாம். ஆணையை மதிக்காதவர் சிறை செல்லவும் நேரும். சட்டமே விதித்த கடனை விட்டுவிட்டுக் கணக்கிடும் நிகர மதிப்பு எப்படி நிகரமாகும்?

அரசின் கணக்கோ இதைவிடக் கூச்சமற்றது. பிள்ளைகளுக்குப் பத்தாயிரம் வரை விதிக்கத் துணிந்த அரசு தன் பங்காக எவ்வளவு தருகிறது? இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 60 முதல் 79 வயது வரையானவர்களுக்கு ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 80ஐ எட்டினால் 500. அந்த 200 ரூபாய் 2007இலும் 200 ரூபாய்தான். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை 2014இல் 1,000 ரூபாய் என வகுக்கப்பட்டது. அத்திட்டத்தின் சம்பள உச்சவரம்பான 15,000 ரூபாயில் 35 ஆண்டுகள் உழைத்தவருக்கும் சூத்திரப்படி கிடைப்பது 7,500. முதியோரைக் காக்கும் கடமை இப்படி மெல்ல மெல்ல அரசின் கணக்கிலிருந்து வீட்டின் கணக்குக்கு மாற்றப்பட்டிருக்கிறது. வீட்டின் கணக்கை எழுதுபவரோ அதைக் காணாதவர்போல் அடுத்த வரிக்குப் போகிறார்.

விடுபட்ட இரண்டாவது பெயர் மனைவியுடையது. வருமானத்தில் பாதியைச் சேமிப்பதுதான் இக்கனவின் அடித்தளம். சமையல், துணி, குழந்தை, நோயாளி ஆகிய அனைத்துக்கும் சந்தை விலை கொடுத்தால் அந்தப் பாதி எங்கே மிஞ்சும்? 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமற்ற வீட்டுப் பணியில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் சராசரியாக 299 நிமிடங்கள். அப்பணியில் ஈடுபடும் ஆண்களுக்கு 97. இவ்வுழைப்புக்கு விலையிட முடியாது என்று எவரும் சொல்ல முடியாது. விபத்தில் இறந்த இல்லத்தரசியின் உழைப்புக்குக் கருத்தளவிலான வருமானத்தைக் கணக்கிட்டு இழப்பீடு வழங்க வேண்டும் என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. இறந்தபின் நீதிமன்றத்தில் தொகை பெறும் உழைப்பு, உயிரோடிருக்கும்போது கணவரின் அட்டவணையில் பூஜ்யமாக நிற்கிறது. கணவர் 45இல் ஓய்வு பெறுவார். அடுப்படியிலிருந்து மனைவி ஓய்வு பெறும் வயது எது என்பதற்கு அங்கே ஒரு கட்டமும் இல்லை.

ஓய்வு என்பது இந்நாட்டில் எப்போதும் தனிமனிதச் சேமிப்பின் பரிசாகவே இருந்ததில்லை. முதுமையில் பொது உதவி பெறும் உரிமைக்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்று அரசமைப்பின் 41ஆம் பிரிவு நெறிகாட்டுகிறது. 1982 டிசம்பர் 17 அன்று டி.எஸ். நகாரா வழக்கில், ஓய்வூதியம் அரசின் கருணைக் கொடை அன்று, உழைத்தவரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004 ஜனவரி 1 முதல், படைத்துறை நீங்கலாக, ஒன்றிய அரசுப் பணியில் புதிதாகச் சேர்வோர் தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்குள் தள்ளப்பட்டனர். உறுதிசெய்யப்பட்ட தொகை போய், சந்தை தருவது எதுவோ அதுவே ஓய்வூதியம் என்றானது. உரிமையாக இருந்தது அன்று முதலீடாயிற்று. இன்றைய ஞாயிற்றுக்கிழமை அட்டவணை அந்த மாற்றத்தின் வீட்டுப் பதிப்பே.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. நாற்பதைத் தாண்டிய ஊழியரை ஒரே மின்னஞ்சலில் வெளியேற்றும் துறையில் இருப்பவர் அஞ்சாமல் எப்படி இருப்பார்? அரசு திருந்தும்வரை அவர் வெறுங்கையோடு காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். அவர் சேமிக்கட்டும். ஆனால் அந்த அச்சம் அவர் ஒருவருடையது மட்டுமன்று. அவருடைய அலுவலக வாயிலில் நிற்கும் காவலாளியும், அவர் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணும், அவருக்கு உணவு கொண்டுவரும் இளைஞரும் அதே அச்சத்தோடுதான் வாழ்கிறார்கள். தப்பிக்கும் வழிதான் அவர்களுக்கு இல்லை. மூன்று கோடி என்பது ஒன்றரை லட்சம் முதியோருக்கு ஒன்றிய அரசு ஒரு மாதம் தரும் தொகை. ஒருவரின் நாற்பதாண்டு ஓய்வும் ஒன்றரை லட்சம் பேரின் ஒரு மாத ஆதரவும் ஒரே எண்ணால் குறிக்கப்படும் நாட்டில், அந்த எண்ணைத் தனித்திறமையின் சான்றிதழாக மாட்டிக்கொள்வது அறியாமை.

கூட்டாகக் கேட்டால் கிடைக்காது என்பதும் உண்மையன்று. அரசு ஊழியர் சங்கங்கள் விடாமல் போராடியதால் 2022இல் ராஜஸ்தானும் 2023இல் இமாச்சலப் பிரதேசமும் பழைய ஓய்வூதியத்துக்குத் திரும்பின. 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசும், 25 ஆண்டு பணி முடித்தவருக்குக் கடைசி ஓராண்டின் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதியை உறுதிசெய்யும் திட்டத்தைக் கொண்டுவர நேர்ந்தது. சங்கம் உள்ளவர்கள் சாதித்தது இது. மென்பொருள் துறையின் அட்டவணைக்காரர்களோ சங்கம் என்ற சொல்லையே பழங்காலத்தின் எச்சமாகக் கருதுகிறார்கள். நாற்பதாண்டுக்கால விலைவாசியைத் தனியாளாக வென்றுவிடலாம் என்று மட்டும் நம்புகிறார்கள்.

அட்டவணையை அழிக்கத் தேவையில்லை. அதை நேர்மையாக எழுதினால் போதும். கடன் பத்தியில் பெற்றோரின் மாதச் செலவும் மருத்துவமும் ஏறட்டும். மனைவியின் உழைப்புக்குரிய தொகை அவர் பெயரிலான சொத்தாக மாறட்டும். வீட்டுப் பணியாளரின் முதுமைக்கென ஒரு வரி சேரட்டும். அப்போது இலக்கு பல ஆண்டுகள் தள்ளிப்போகும்; பலருக்கு அது எட்டாது என்பதும் தெரியவரும். எட்டாது என்று தெரிந்த பின்னராவது, விலைவாசியோடு உயரும் ஓய்வூதியம் எல்லா முதியோருக்கும் வேண்டும் என்று கேட்பவர்களின் வரிசையில் அவர்களும் வந்து நிற்கக்கூடும். அந்த வரிசையில் 200 ரூபாய்க்காரர்கள் நெடுங்காலமாக நிற்கிறார்கள்.