கியர் பெட்டி மீது பழி போடாதீர்கள்!

அமெரிக்காவில் ஜீப் கம்பெனி "செரோக்கி" என்று ஒரு வண்டி செய்தது. காடு, மலை, மணல், ஆறு எதிலும் போகும் வண்டி. 1984-ம் ஆண்டு மாடலாக வந்தது. 2001-ல் அமெரிக்காவில் அதைச் செய்வதை நிறுத்தி விட்டார்கள்.

செய்வதுதான் நின்றது. ஓட்டம் நிற்கவில்லை! யூட்டா மாநிலத்தில் மோவாப் என்று ஓர் ஊர் இருக்கிறது. சிவப்புப் பாறை நிறைந்த ஊர். அங்கே இந்தப் பழைய வண்டிகள் இன்றும் பாறை மேல் ஏறுகின்றன. அப்பாவோ அம்மாவோ ஓட்டுவார்கள். பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து இருப்பார்கள்.

இவற்றில் பல வண்டிகளுக்கு கிளட்ச் மிதி கிடையாது. கியர் தானே மாறிக் கொள்ளும். 1987-ம் ஆண்டு மாடல் முதல் "ஏ.டபிள்யூ.4" என்ற கியர் பெட்டியைப் போட்டார்கள். அதைச் செய்தது ஜப்பான் நாட்டு ஐசின் வார்னர் கம்பெனி.

வண்டி பழையது ஆகிறது. ஒரு நாள் எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. மெக்கானிக் வருகிறார். தலையை ஆட்டுகிறார். "பெட்டி போச்சு! வேறு பெட்டிதான் போட வேண்டும்" என்கிறார்.

பெட்டியின் விலையைக் கேட்டால் வண்டியின் விலைக்கே வந்து விடுகிறது. நல்ல வண்டி பழைய இரும்புக்குப் போகிறது.

இது அநியாயம் என்பது என் கருத்து. பெட்டியைக் கழற்றுவதற்கு முன் எண்ணெயைப் பார்த்தாரா? கம்பியைப் பார்த்தாரா? கேளுங்கள்!

எண்ணெய்தான் கிளட்ச்

தானே மாறும் கியர் நேற்று வந்தது அல்ல. ஓல்ட்ஸ்மொபில் கார்களில் 1940-ம் ஆண்டு மாடலிலேயே வந்து விட்டது. இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளுக்குக் கூட அதைப் போட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை எண்ணெய். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டு போவது அது. உள்ளே இருக்கும் தகடுகளை அழுத்திப் பிடிப்பதும் அதுவே. சூட்டைச் சுமந்து வெளியே கொண்டு போவதும் அதுதான்.

எண்ணெய் குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். அழுத்தம் போய் விடும். தகடுகள் வழுக்கும், தேயும், கருகும். கூடினாலும் ஆபத்து! சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரை ஆக்கி விடும். நுரைக்கு அழுத்தும் பலம் ஏது?

அளப்பது எப்படி?

எஞ்சின் எண்ணெயை, எஞ்சினை நிறுத்தி விட்டு அளக்கிறோம். இதை அப்படி அளக்கக் கூடாது. நிறுத்தினால் மேலே இருக்கும் எண்ணெய் கீழே இறங்கும். குறைந்து இருப்பதும் நிறைந்தது போலத் தெரியும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

சம தரையில் வண்டியை நிறுத்துங்கள். சிறிது தூரம் ஓடிச் சூடாக இருக்க வேண்டும். கை பிரேக்கைப் போடுங்கள். எஞ்சின் ஓடட்டும். கால் பிரேக்கை மிதித்துக் கொண்டு, கியர் கம்பியை ஒவ்வொரு இடத்துக்கும் நகர்த்துங்கள். பிறகு வண்டியோடு வந்த புத்தகம் சொல்லும் இடத்தில் அதை நிறுத்துங்கள். இப்போது ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் வண்டி முன்னால் நிற்க வேண்டாம்.

சிவப்பாக இருந்தால் நல்லது. பழுப்பாகி, கருகிய வாடை வந்தால் உடனே மாற்றுங்கள். பால் கலந்தது போல் ரோஜா நிறத்தில் இருந்தால் வண்டியை நகர்த்தாதீர்கள்! உள்ளே தண்ணீர் போய் விட்டது. ஆற்றில் இறங்கியபோது போய் இருக்கலாம். அல்லது ரேடியேட்டருக்கு உள்ளே ஓட்டை விழுந்து இருக்கலாம். இந்த எண்ணெய் அங்கே போய்த்தான் குளிர்ந்து வருகிறது. தகட்டின் மேல் ஒட்டிய பூச்சைத் தண்ணீர் உரித்து விடும்.

எண்ணெய் மாற்றும்போது ஒன்று கவனியுங்கள். அடி ஆணியைக் கழற்றினால் பாதிதான் வடியும். மீதி உள்ளே நிற்கும். வடிந்ததை அளந்து, அதே அளவு புதிதாக ஊற்றி, சில நாள் ஓட்டி விட்டு மறுபடி வடிப்பது நல்லது.

இப்போது வரும் புதிய வண்டிகள் பலவற்றில் ஆயில் குச்சியே வைப்பது இல்லை. வாங்கியவர் தன் வண்டியைத் தானே பார்க்க முடியாதாம்! எனக்கு இது பிடிக்கவில்லை.

பியூஸைக் கழற்றிப் பாருங்கள்

எண்ணெய் சரி. அப்படியும் கியர் மாறவில்லையா? செரோக்கி பெட்டியில் ஒரு நல்ல வசதி உண்டு. எப்போது கியர் மாற வேண்டும் என்று சொல்வது சிறு கம்ப்யூட்டர். அதற்குப் போகும் பியூஸைக் கழற்றி விட்டால், கையாலேயே கியர் மாற்றலாம். "1-2" என்ற இடத்தில் முதல் கியர். "3"-ல் மூன்றாவது. "டி"-யில் நான்காவது.

இப்படி ஓட்டும்போது மூன்றும் ஒழுங்காகப் பிடித்தால், உள்ளே இயந்திரம் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கிறது. கோளாறு கம்பியில் அல்லது சுவிட்சில் இருக்கலாம். காட்டு வழியில் மாட்டிக் கொண்டவர்கள் இப்படியே வீடு வந்து சேரலாம்.

கியர் பெட்டியின் வெளிப்பக்கத்தில், சேறு படும் இடத்தில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. கியர் கம்பி எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அது. சேறு புகுந்தால் பொய் சொல்லும்! "பார்க்"-கில் வண்டி ஸ்டார்ட் ஆகாது, "நியூட்ர"லில் ஆகும். பின்னால் போகும்போது எரியும் விளக்கு எரியாது. கழற்றித் துடைத்தால் பல சமயம் சரியாகி விடும். இதற்கா புதுப் பெட்டி?

உருண்டு விடும், ஜாக்கிரதை!

பாறையில் மெதுவாக ஏறும்போது நான்கு சக்கர "லோ" கியரைப் போடுங்கள். அது சக்கரத்தின் பலத்தை 2.72 மடங்கு கூட்டுகிறது. எண்ணெய் அதிகம் கொதிக்காது.

அந்தச் சிறு கம்பிக்கும் ஒரு "நியூட்ரல்" உண்டு. அதில் இருந்தால், பெரிய கம்பியைப் "பார்க்"-கில் போட்டாலும் வண்டி நிற்காது. சரிவில் உருண்டு விடும். கை பிரேக் போடாமல் இறங்கவே கூடாது. வண்டிக்குக் கீழே படுக்கும்போது சக்கரத்துக்குக் கட்டையும் வையுங்கள்.

உண்மையிலேயே போய் விட்டால்?

வடித்த எண்ணெயில் உலோகத் துண்டுகள் கிடக்கின்றன. கையால் மாற்றினாலும் கியர் வழுக்குகிறது. அப்போது மெக்கானிக் சொல்வது சரிதான்.

உடைந்த வண்டியிலிருந்து நல்ல பெட்டியை எடுத்துப் போடலாம். செலவு குறையும். ஆனால் வெளித் தண்டின் பற்களை எண்ணிப் பாருங்கள். ஆரம்பத்தில் வந்தவற்றுக்கு 21 பல். பிறகு வந்தவற்றுக்கு 23. மாறினால் பொருந்தாது.

ரேடியேட்டருக்குப் போகும் எண்ணெய்க் குழாய்களையும் கழுவச் சொல்லுங்கள். பழைய பெட்டியின் உலோகத் தூள் அங்கே தங்கி இருக்கும். கழுவாமல் பூட்டினால், அது நேராகப் புதிய பெட்டிக்குள்தான் போகும்.