நாணயப் பெட்டி வகுத்த இலக்கணம்

வீடியோ விளையாட்டு என்ற சொற்றொடர் காதில் விழுந்த மாத்திரத்திலேயே எம்மிற் பலருடைய முகம் சுருங்கிவிடுகின்றது. படிப்பைக் கெடுப்பது, கண்ணைக் கெடுப்பது, தமிழைக் கெடுப்பது என்று அதன்மேல் நாம் சுமத்தாத பழி இல்லை. விழா மலரிலே மொழியின் தொன்மையைப் பற்றி எழுதாமல் இதைப் பற்றி எழுதப் புகுந்தமைக்காகப் பெற்றோர் சிலர் எம்மோடு கோபிக்கவும் கூடும். ஆயினும், எமது மாணவர்கள் வாரத்தில் ஆறு நாட்கள் எதனோடு உறவாடுகின்றார்களோ அதைப் பற்றி, ஏழாவது நாளில் மட்டும் அவர்களுக்கு ஆசிரியராக நிற்கும் நாம் ஒன்றும் அறியாதிருத்தல் அழகன்று.

நூல்களுள்ளே நல்லனவும் உண்டு, தீயனவும் உண்டு. தெரிந்தெடுத்தே பிள்ளைகள் கையிற் கொடுக்கின்றோம். விளையாட்டுகளை மட்டும் ஏன் ஒரே கூடையிற் கொட்டி மூட வேண்டும்? இன்று கடைகளிலும் கைபேசிகளிலும் ‘பழைய ஆர்கேட் சுவை’ என்ற முத்திரையோடு எண்ணிறந்த விளையாட்டுகள் விற்பனையாகின்றன. ஆர்கேட் என்பது, நாணயத்தைப் போட்டு நின்றபடி ஆடும் இயந்திரங்கள் வரிசையாக வைக்கப்பட்ட மண்டபம். பிளாக்பூல், சவுத்எண்ட், பிரைட்டன் ஆகிய கடற்கரைகளுக்கு ஒருநாள் உலாச் சென்ற எமது குடும்பங்கள், உள்ளே நுழையாவிடினும் அவற்றின் ஓசையையாவது வெளியே நின்று கேட்டிருக்கும். அந்த முத்திரை உண்மையானதாயின் பெற்றோர் மகிழலாம் என்பதே எமது தீர்ப்பு. அது எப்போது உண்மை, எப்போது வெறும் பூச்சு என்பதைத்தான் சற்று ஆராய வேண்டும்.

பலரும் தோற்றத்தைக் கண்டே மயங்குகின்றனர். பெரிய சதுரப் புள்ளிகளால் ஆன உருவங்கள், ‘பீப்’ என்னும் ஒலி, கரிய பின்னணி, பழைய கண்ணாடித் திரையிலே தெரிந்த கிடைக்கோடுகள் ஆகிய இவற்றைச் சேர்த்துவிட்டால் பழைய சுவை தானாக வந்துவிடும் என எண்ணுகின்றனர். இவை அக்காலத்து இயந்திரத்தின் வறுமையாற் பிறந்தவை. மண்சட்டியிலே சமைத்த பாட்டியின் கைப்பக்குவத்தைத் தேடுபவர் மண்சட்டியை மட்டும் விலைக்கு வாங்கி வந்த கதைதான் இது.

சுவை பிறந்த இடம் நாணயப் பெட்டி. 1972ஆம் ஆண்டு அட்டாரி நிறுவனத்தார் ‘பொங்’ என்னும் மேசைப்பந்து விளையாட்டை இயந்திரமாக்கி, கலிபோர்னியாவின் சனிவேல் நகரத்து மதுச்சாலை ஒன்றிலே பரீட்சார்த்தமாக வைத்தனர். சில நாட்களிலேயே இயந்திரம் நின்றுவிட்டது. அதனை அமைத்த பொறியியலாளர் அலன் அல்கோர்ன் சென்று திறந்து பார்த்தபோது உள்ளே பழுது எதுவும் இல்லை, நாணயங்கள் நிரம்பி வழிந்தமையே காரணம் என்று கூறுவர். இரண்டு கோடுகளும் ஒரு புள்ளியுமே அதன் காட்சி. விதியை விளக்க ஆசிரியர் வேண்டியதில்லை, ஏடு வேண்டியதில்லை.

இங்கே இரண்டு நலன்கள் மோதின. கடைக்காரனுக்கு ஆட்டம் விரைவில் முடிய வேண்டும், அடுத்த நாணயம் விழ வேண்டும். ஆடுபவனுக்கோ, கொடுத்த காசு வீண்போகவில்லை, தோற்றது தன் கையின் பிழையால், அடுத்த முறை வெல்லலாம் என்ற எண்ணம் பிறக்க வேண்டும். இயந்திரம் ஏமாற்றியது என்று தோன்றினால் அவன் திரும்ப வரமாட்டான். இந்த இழுபறிக்கு நடுவேதான் ஆர்கேட் விளையாட்டின் இலக்கணம் உருவாயிற்று. நொடிப்பொழுதில் விளங்குதல், கைக்கு உடனே கட்டுப்படுதல், படிப்படியாகக் கடினமாதல், நேர்மையாகத் தோற்கடித்தல், தோற்றவனைக் காக்க வையாது மீண்டும் தொடங்க விடுதல் என்று அதன் உறுப்புகளை ஒருவாறு கூறலாம்.

படிப்படியாகக் கடினமாதல் என்றோம். அதன் வரலாறு சுவையானது. 1978இல் யப்பானின் தைட்டோ நிறுவனத்தைச் சேர்ந்த தொமொஹிரோ நிஷிகாடோ என்பவர் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டை ஆக்கினார். வரிசைக்கு 11 வீதம் 5 வரிசைகளில் 55 அந்நிய உயிர்கள் மேலிருந்து இறங்கி வரும். அக்காலத்து இயந்திரத்துக்கு அத்தனை உருவங்களையும் விரைவாக நகர்த்தும் வலு இல்லை. ஆடுபவன் சுடச் சுட உருவங்கள் குறைய, இயந்திரத்தின் சுமையும் குறைந்து, எஞ்சியவை விரைந்து ஓடத் தொடங்கின. இதைக் குறையென்று திருத்தாமல் அப்படியே விட்டுவைத்தார் நிஷிகாடோ. வெற்றி நெருங்க நெருங்க ஆபத்தும் விரைகின்ற அந்த அமைப்பும், அதனோடு சேர்ந்து வேகமெடுக்கும் நான்கு தாழ்சுர ஒலியும், இன்றுவரை எத்தனையோ விளையாட்டுகளுக்கு முன்மாதிரியாக உள்ளன. பள்ளிக்கூடத்திலே பாடத்திட்டம் வகுப்பவர்களும் இந்த ஒழுங்கைக் கவனித்தால் நன்று என்று எமக்குத் தோன்றுவதுண்டு.

1980இல் நாம்கோ நிறுவனத்துக்காகத் தொரு இவடானி ஆக்கிய ‘பக்-மான்’ விளையாட்டுக்குப் பொத்தானே இல்லை, நான்கு திசைகளிலும் அசையும் கைப்பிடி ஒன்றே உண்டு. துரத்தும் பேய்கள் நான்கும் நான்கு குணத்தன. சிவந்தது நேரே பின்தொடரும். இளஞ்சிவப்பு, ஆடுபவன் போகப் போகும் இடத்தை முன்கூட்டிக் குறிவைக்கும். செம்மஞ்சள் தூரத்தில் துரத்தி, அருகில் வந்ததும் தன் மூலைக்கு விலகிவிடும். நீலம் சிவப்பின் இருப்பிடத்தையும் கணக்கிற்கொண்டு வழிமறிக்கும். இவ்விதிகள் மாறுவதில்லை. ஆகவே பழகியவன் அவற்றின் மனத்தை வாசிக்கக் கற்றுக்கொள்கின்றான். நேர்மையாகத் தோற்கடித்தல் என்று நாம் கூறியது இதனைத்தான்.

பெற்றோரின் கவலை புதிதன்று என்பதையும் ஈண்டுச் சொல்லி வைக்கலாம். 1981ஆம் ஆண்டு மே மாதம் இந்நாட்டுப் பாராளுமன்றத்திலே ஜோர்ஜ் ஃபௌக்ஸ் என்னும் உறுப்பினர், ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ முதலிய மின்னணு விளையாட்டுகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை உள்ளூராட்சி மன்றங்களுக்கு வழங்க வேண்டுமென்று ஒரு சட்டமூலத்தைக் கொண்டு வந்தார். ஆதரவாக 94 வாக்குகள், எதிராக 114. இருபது வாக்குகளால் தப்பிப் பிழைத்த விளையாட்டு அது! அன்று பத்துப் பென்ஸ் நாணயத்தோடு நின்ற சிறுவர்கள் பலர் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டு கவலைப்படுகின்றார்கள்.

எமது தலைமுறைக்கு இந்த அனுபவம் வாய்க்கவில்லை. 1990களில் மின்சாரம் அறுந்த யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பற்றரி கூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த ஊரில் விளையாட்டு இயந்திரத்துக்கு எங்கே போவது? எனவே பழைய நினைவின் ஏக்கம் எதுவும் எமக்கு இல்லை. அதுவே ஒருவகையில் அனுகூலம். ஏக்கம் இல்லாதவனுக்குப் பூச்சு எது, பொருள் எது என்பது சற்றுத் தெளிவாகத் தெரியும்.

புதியவற்றுக்கு வருவோம். லிவர்பூலைச் சேர்ந்த பிசார் கிரியேஷன்ஸ் நிறுவனத்தார் 2003இல் தமது காரோட்ட விளையாட்டு ஒன்றினுள்ளே ‘ஜியோமெற்றி வோர்ஸ்’ என்ற சிறு விளையாட்டை மறைத்து வைத்தனர். அது பிடித்துப்போகவே 2005இல் தனியாக வெளியிட்டனர். ஒரு கைப்பிடியால் நகர்வது, மற்றக் கைப்பிடியால் சுடுவது என்ற முறை 1982இல் யூஜின் ஜாவிஸ் முதலியோர் ஆக்கிய ‘ரோபோட்ரொன்’ இயந்திரத்தின் வழிவந்தது. ஆனால் காட்சியோ ஒளிரும் வடிவியல் உருவங்களின் வாணவேடிக்கை. 2012இல் டெரி கவனா வெளியிட்ட ‘சூப்பர் ஹெக்ஸகன்’ இன்னும் கறாரானது. இடம், வலம் என இரண்டே அசைவுகள். முதன்முறை ஆடுபவர் சில நொடிகள் நின்றாலே அதிகம். 60 நொடிகள் தாக்குப்பிடித்தால் ஒரு கட்டம் வென்றதாகும். தோற்ற மறுகணமே அடுத்த ஆட்டம் ஆயத்தம். இவ்விரண்டிலும் சதுரப் புள்ளிச் சோடனை இல்லை. ஆயினும் நாணயம் போட்டு ஆடிய அந்த நாட்களின் மூச்சு இரண்டிலும் இருக்கின்றது. இவடானியே 2007இல் ‘பக்-மான்’ விளையாட்டைப் புதுக்கியபோது ஐந்து நிமிடக் கணக்கை வைத்து, நேரம் செல்லச் செல்ல வேகத்தைக் கூட்டினார்.

சந்தை இத்தகைய விளையாட்டுகளை எப்போதும் வாழ்த்துவதில்லை. ஹெல்சிங்கியின் ஹவுஸ்மார்க் நிறுவனத்தார் 2017இல், அதே யூஜின் ஜாவிஸோடு சேர்ந்து ‘நெக்ஸ் மஷீனா’ என்ற சிறந்த விளையாட்டை ஆக்கினர். விற்பனை போதாமையால் அவ்வாண்டிலேயே, ஆர்கேட் இறந்துவிட்டது என்று அவர்களே அறிவித்தனர். பின்னர் 2021இல் அவர்கள் வெளியிட்ட ‘ரிட்டேர்னல்’ என்னும் பெரிய விளையாட்டில் அந்தப் பழைய விரைவும் தோற்றவுடன் முதலிலிருந்து தொடங்கும் கண்டிப்பும் வேறு உடையிலே வந்து நின்றன.

கைக்கு உடனே கட்டுப்படுதல் பற்றி ஒரு சொல். பழைய இயந்திரங்களில் திரை நொடிக்கு ஏறக்குறைய 60 தடவை வரையப்பட்டது. பொத்தானை அழுத்துவதற்கும் உருவம் அசைவதற்கும் இடையே ஆடுபவன் உணரத்தக்க இடைவெளி இல்லை. இன்றைய தட்டைத் தொலைக்காட்சிகளோ படத்தை அழகுபடுத்திக் காட்டுவதற்காகச் சிறிது தாமதிக்கின்றன. நல்ல விளையாட்டும் அதனால் சேற்றில் நடப்பது போலாகிவிடும். தொலைக்காட்சியின் அமைப்புப் பட்டியலிலே ‘கேம் மோட்’ என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டுவிட்டாற் பாதிக் குறை தீரும். பிள்ளைகளுக்கு இது தெரியும். பெற்றோரும் தெரிந்து வைத்திருந்தால் பிள்ளைகள் சற்று வியப்பார்கள்.

இவ்வாண்டு எமது உயர்வகுப்பு மாணவர்கள் தாமே ஒரு விளையாட்டை எழுதியிருக்கின்றார்கள். மேலிருந்து மெய்யெழுத்து ஒன்று விழும், ஒலிபெருக்கி ‘கூ’ என்று கூப்பிடும், கீழே நிற்பவர் அது நிலத்தைத் தொடுமுன் ‘ஊ’வைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முதலில், பழைய இயந்திரங்களைப் போல எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்தினுள்ளே எழுத்தை அடைக்க வேண்டுமென்று பிடிவாதமாக நின்றார்கள். ஆங்கில எழுத்து அதற்குள் அடங்கும். எமது ‘ஞூ’வும் ‘ணை’யும் அடங்குமா? ஙகரமும் ஞகரமும் ஒன்றுபோலாயின. அதுமட்டுமன்றி, ஒருமுறை பிழைத்தால் ‘தவறு’ என்ற செந்நிறத் திரை தோன்றி, சரியான விடையைக் காட்டி, மூன்று முறை பொத்தானை அழுத்தக் கேட்டது. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இருமுறை ஆடிவிட்டு எழுந்து போய்விட்டாள். பின்னர் அவர்கள் புள்ளிச் சோடனையைக் கைவிட்டு எழுத்துகளைத் தெளிவாக அமைத்தார்கள். செந்நிறத் திரையையும் எடுத்துவிட்டார்கள். எழுத்து விழுந்துடைந்த மறுகணமே அடுத்தது விழும். அதே சிறுமி அன்று தேநீர் இடைவேளை முழுவதும் எழும்பவில்லை.

பெற்றோர் மனங்கொள்ள வேண்டிய இடம் இதுவென்று கருதுகின்றோம். இங்கே பிறந்த பிள்ளை ழகரத்தைப் பிழையாக உச்சரித்தால், வீட்டுக்கு வந்த விருந்தினர் முன்னிலையிலே நாம் சிரிக்கின்றோம், மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொல்கின்றோம். அது எமது செந்நிறத் திரை. அந்தப் பிள்ளை அதன்பின் விருந்தினர் முன்னால் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும். சூப்பர் ஹெக்ஸகனில் நாற்பது முறை தோற்றும் வெட்கப்படாத அதே பிள்ளை அது. தமிழை விளையாட்டாக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. யாப்பும் புணர்ச்சியும் உட்கார்ந்து கற்க வேண்டியவையே. ஆயினும் பிழைவிட்டவரை அடுத்த நொடியே மீண்டும் முயல விடுவதற்கு எமக்கு என்ன செலவு?

ஆர்கேட் முழுவதும் புனிதமானது என்று எவரும் எண்ணவேண்டாம். 1985இல் வந்த ‘கோன்ட்லெற்’ இயந்திரத்திலே ஆடுபவனின் உயிர்வலு நேரத்தோடு தானாகக் குறைந்துகொண்டே போகும், நாணயம் போட்டால் மீண்டும் ஏறும். திறமையை விட்டுப் பையைச் சோதிக்கும் அந்த வழி, இன்று கைபேசி விளையாட்டுகளிலே பெருவீதியாகிவிட்டது. இலவசம் என்று அழைத்து, நடுவழியில் நிறுத்தி, காத்திரு அல்லது காசு கொடு என்பார்கள். உள்ளே என்னவென்று தெரியாத பெட்டிகளை விற்பார்கள். பெல்ஜியம் 2018இல் அத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று தீர்மானித்தது. பழைய இயந்திரத்திலே பிள்ளையின் பையில் உள்ள நாணயம் தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது. இன்றோ தகப்பனாரின் வங்கி அட்டை இலக்கம் கைபேசியினுள்ளே உறங்குகின்றது. சதுரப் புள்ளியும் பீப் ஒலியும் எவ்வளவு இருந்தாலும், இப்படிப் பணம் கேட்கும் விளையாட்டுக்கு ஆர்கேட் என்று பெயர் சூட்ட நாம் உடன்படமாட்டோம். பிள்ளை ஆடுவதைத் தடுக்குமுன், அருகில் உட்கார்ந்து அது எங்கே காசு கேட்கின்றது என்று மட்டும் பாருங்கள்.

மாணவர்களின் விளையாட்டு விழாவன்று மண்டபத்தின் பின்புற மேசையில் இருக்கும், காசு வேண்டாம். 1979இல் வந்த ‘அஸ்ரரொயிட்ஸ்’ இயந்திரத்திலே அதிக புள்ளி பெற்றவர் தம் பெயரின் மூன்று எழுத்துகளைப் பொறிக்க இடமிருந்தது. எமது மாணவர்களும் மூன்று எழுத்துகளுக்கே இடம் வைத்திருக்கின்றனர். ஆங்கிலத்தில் மூன்றெழுத்து வெறும் முதலெழுத்துகளாகவே நிற்கும், தமிழிலோ மாலதியும் முழுதாக அடங்குவாள், குமாரும் அடங்குவான். குமாரின் ‘ர்’ ஓரெழுத்தா, அரை எழுத்தா என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை அவர்களிடையே பெரிய வாக்குவாதம். மெய்யெழுத்துக்கு மாத்திரை அரை, எழுத்துக் கணக்கிலோ அது ஒன்றுதான் என்றோம். நான்கு எழுத்துப் பெயருடைய பிள்ளைகள் இன்னும் எம்மோடு சமாதானமாகவில்லை.