தீர்ப்பு நகலுக்கு ஏன் இத்தனை அலைச்சல்?

விவாகரத்துத் தீர்ப்பாணையின் நகலை இரு தரப்புக்கும் நீதிமன்றம் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 23(4) பிரிவு. அதைத் தொலைத்தவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவர், வழக்கு திருவள்ளூரில் முடிந்திருந்தால், ரயிலில் சென்னை வந்து வேறு பாதையில் வண்டி ஏற வேண்டும். ஒரு நாள் கூலி போச்சு. வழக்கு எண் நினைவில்லை என்றால் நகல் மனுவும் நகராது.

இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரும் ஆண்டும் கொடுத்துத் தேடினால் வழக்குக்குரிய 16 இலக்க சிஎன்ஆர் எண் கிடைக்கலாம். ஆனால், மறுமணப் பதிவுக்கு எண் மட்டும் போதாது; சான்றிட்ட நகலே செல்லும்.

இவ்வழக்குகளின் அந்தரங்கத்தை அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவு காப்பது நியாயமே. சம்பந்தப்பட்டவரை அலையவிட அது காரணமாகக் கூடாது. நகல் மனுவைக் கும்மிடிப்பூண்டிக்கு அருகிலுள்ள பொன்னேரி நீதிமன்ற வளாகத்திலேயே பெற்று, நகலைப் பதிவுத் தபாலில் அனுப்ப மாவட்ட நீதித்துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.