பட்டம் விடலாம், எங்கே விடலாம்? இன்சூரன்சு வேண்டுமா?

நெய்வேலி, மின்சாரம் பிறக்கும் ஊர். 1956-ம் ஆண்டு பழுப்பு நிலக்கரிக் கழகம் ஏற்பட்டது. 1962-ல் அனல் மின் நிலையம் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. அங்கிருந்து பெரிய மின் கம்பிகள் நாலு திசைக்கும் போகின்றன.

இந்த ஊரில் அகலமான சாலை உண்டு, மைதானமும் உண்டு. காற்றுக்கும் பஞ்சம் இல்லை. பையன் கையில் ஒரு பட்டமும் கிடைத்துவிட்டால் கேட்கவா வேண்டும்?

பட்டம் நல்ல விளையாட்டுதான். ஆனால், எங்கே விடுவது? எந்த நூலில் விடுவது? ஆபத்து வந்தால் யார் பொறுப்பு? பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆளை இழுக்கும் பட்டம்

இப்போது 'பவர் கைட்' என்று ஒரு பட்டம் வந்திருக்கிறது. நாம் பட்டத்தை இழுப்போம். இது நம்மை இழுக்கும்! ராமேசுவரம் கடலில் பலகைமீது நின்றுகொண்டு, இந்தப் பட்டத்தின் இழுப்பில் தண்ணீர்மேல் பாய்ந்து போகிறார்கள். இதைப் பயிற்சி பெற்றுத்தான் செய்ய வேண்டும். திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். குடியிருப்பு நடுவே இதற்கு இடம் இல்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். ஆள் எம்மாத்திரம்?

கழுத்தை அறுத்த நூல்

சின்னப் பட்டம் என்றால் ஆபத்து இல்லையா? உண்டு. 2019 நவம்பரில் சென்னை கொருக்குப்பேட்டையில் ஒரு தகப்பனார் மோட்டார் சைக்கிளில் போனார். முன்னால் 3 வயது மகன் உட்கார்ந்திருந்தான். எங்கிருந்தோ வந்த மாஞ்சா நூல் குழந்தையின் கழுத்தை அறுத்தது. குழந்தை இறந்துவிட்டது.

2017-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவுக்கு நாடு முழுவதும் தடை போட்டது. 2023-ல் தமிழக அரசும் நைலான் நூலையும், கண்ணாடித் தூள் பூசிய நூலையும் தடை செய்தது. சாதாரணப் பருத்தி நூலில் மட்டுமே பட்டம் விடலாம்.

எங்கே கூடாது?

மின் கம்பிக்குப் பக்கத்தில் கூடாது. சுரங்கப் பகுதியிலும், மின் நிலையத்தின் அருகிலும் கூடாது. நெய்வேலியில் விமான ஓடுதளம் இருக்கிறது; அதன் பக்கமும் கூடாது. 1934-ம் ஆண்டின் விமானச் சட்டம் பட்டத்தையும் விமானங்களின் வரிசையில் சேர்த்திருந்தது. ஆகாயத்தில் போவதை அரசு அவ்வளவு கவனமாகப் பார்க்கிறது.

சாலை ஓரமும் மொட்டை மாடியும் வேண்டாம். கம்பியில் பட்டம் சிக்கினால் நூலைப் பிடித்து இழுக்காதீர்கள். குச்சியால் தட்டாதீர்கள். ஈர நூலில் மின்சாரம் பாயும். மின்சார அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பத்து ரூபாய்ப் பட்டம் போனால் போகட்டும்.

இன்சூரன்சு வேண்டுமா?

மோட்டார் சைக்கிளுக்கு இன்சூரன்சு கட்டாயம். அது மோதி அடுத்தவருக்குக் காயம் பட்டால், நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் அல்லவா? பட்டத்துக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. இங்கிலாந்தில் பவர் கைட் விடுவோர், சங்கத்தில் சேர்ந்து அடுத்தவர் காயத்துக்கு இன்சூரன்சு எடுத்துக்கொள்கிறார்கள்.

நம் ஊரில் வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கு 'பிரதம மந்திரி சுரக்சா பீமா' என்ற விபத்துத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால், விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று: இதில் 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களே சேரலாம். பட்டம் விடும் பையனுக்கு இடம் இல்லை. இரண்டு: நம் நூல் அடுத்தவரை அறுத்தால், அவருக்கு நாம் கொடுக்க வேண்டிய நஷ்ட ஈட்டை இந்தத் திட்டம் கொடுக்காது.

பவர் கைட் பழகப் போகிறவர்கள், தங்கள் பாலிசியில் சாகச விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்சூரன்சு பணம் தரும். போன உயிரைத் தராது. ஆகவே பையன் பட்டத்தோடு புறப்படும்போது மூன்று கேள்வி கேளுங்கள். மேலே கம்பி இருக்கிறதா? பக்கத்தில் சாலை இருக்கிறதா? கையில் இருப்பது பருத்தி நூல்தானா?

மூன்றுக்கும் சரியான பதில் வந்தால், பையனை அனுப்புங்கள். நீங்களும் கூடப் போங்கள்!