பார்த்ததையே பார்க்கப் போகிறேன்

"பாத்ததையே இன்னொருக்கா பாக்கறதுக்கு அத்தனை தூரம் போகோணுமா கண்ணு?"

பெங்களூர் போகப் பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார். 'அகம்' கச்சேரி. கொச்சியில் ஒருமுறை, கோயம்புத்தூரில் ஒருமுறை கேட்டாயிற்று. இது மூன்றாவது. தங்கச்சி மகனையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றதும் அம்மாவின் கேள்விக்கு இன்னும் பலம் வந்துவிட்டது.

அகம் 2003இல் பெங்களூரில் பிறந்த இசைக்குழு. கர்நாடக ராகத்தை எலக்ட்ரிக் கிட்டாரோடும் டிரம்ஸோடும் ராக் இசையாக வாசிக்கிறவர்கள். 2007இல் ஏ.ஆர். ரஹ்மான் நடுவராக இருந்த சன் டிவி 'ஊ லலலா' நிகழ்ச்சியில் பரிசு பெற்றபோதுதான் எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அந்தப் பெயர் தெரிந்தது. பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் ஷொர்ணூர்க்காரர், அதாவது எங்கள் பாலக்காடு ஜில்லாக்காரர். மென்பொருள் துறையில் வேலை பார்த்துக்கொண்டே பல வருஷம் பாடியவர். 2012இல் அவர்களின் முதல் ஆல்பம் வந்தது, 2017இல் இரண்டாவது. இரண்டும் எனக்கு மனப்பாடம்.

அந்த மனப்பாடம்தான் கொச்சியில் எனக்குக் குறுக்கே நின்றது. நளினகாந்தி ராகத்தில் தியாகராஜர் செய்த 'மனவ்யாலகிஞ்சரா'வை அவர்கள் வாசிப்பதை ஃபோனில் நூறு தடவைக்கு மேல் கேட்டிருந்தேன். கிட்டார் எந்த இடத்தில் நுழையும், எந்த இடத்தில் எல்லாம் அடங்கிக் குரல் மட்டும் நிற்கும் என்று ஒவ்வொன்றும் தெரியும். மேடையில் அந்த இடம் வந்தது, கிட்டார் வரவில்லை. குரல் இன்னும் இரண்டு சுற்று போனது. நான் அந்த இரண்டு சுற்றையும் கேட்கவே இல்லை. கிட்டார் ஏன் வரவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு வந்து "ரெகார்டிங் மாதிரி இல்லை" என்று குறைபட்டுக்கொண்டேன்.

கோயம்புத்தூருக்குப் போகும் முன் மிருதங்கம் கற்றுக்கொள்ளும் நண்பர் ஒருவர் ஒரு வழி சொன்னார். "முன்னாடி போய் நிக்காதே. மிக்ஸர் வெச்சிருக்கற எடத்துக்கிட்ட நில்லு. பாடறவரைப் பாக்காதே, டிரம்ஸ்காரரைப் பாரு." அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. சுரம் பாடிக்கொண்டே பாடகர் மெல்ல டிரம்ஸ் பக்கம் திரும்புகிறார். கணக்கு முடியப்போகிறது என்று கண்ணாலேயே சொல்கிறார். டிரம்ஸ்காரர் தலையசைக்கிறார். பேஸ் கிட்டார்காரர் அதைப் பார்த்துவிடுகிறார். அடுத்த நொடி எல்லாரும் ஒரே இடத்தில் வந்து விழுகிறார்கள். கூட்டம் கத்துகிறது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கொச்சியில் நான் தொலைத்த இரண்டு சுற்றும் இப்படித்தான் போயிருக்கும்.

இன்றைய பெரிய மேடைகள் பலவற்றில் வாசிக்கிறவர்கள் காதில் மெட்ரோனோம் ஒலிக்கிறது. முன்கூட்டிப் பதிவு செய்த ஒலி பின்னால் ஓடுகிறது. விளக்கு, திரை, புகை எல்லாம் அந்த எண்ணிக்கைக்குக் கட்டுப்பட்டவை. சென்னையில் நாலரை நிமிஷம் ஓடிய பாட்டு மும்பையிலும் நாலரை நிமிஷம்தான். அதில் உழைப்பு இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அப்படிப்பட்ட கச்சேரிக்கு ஒருமுறை போனால் எனக்குப் போதும். மறுபடி என்னை இழுப்பது, அன்றைக்கு என்ன நடக்கும் என்று மேடையில் இருப்பவர்களுக்கே முழுசாகத் தெரியாத கச்சேரி.

அமெரிக்காவில் 'கிரேட்ஃபுல் டெட்' என்று ஒரு ராக் குழு இருந்தது. 1965 முதல் 1995 வரை ஊர் ஊராக வாசித்தார்கள். ரசிகர்கள் டேப்பில் பதிவு செய்துகொள்ளலாம் என்று அவர்களே அனுமதித்தார்கள். 1984இல் இருந்து அதற்கென்று தனி இடமே ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஒரே பாட்டின் பத்து ராத்திரிகளை வைத்துக்கொண்டு எந்த ராத்திரி உசத்தி என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. படித்தபோது எனக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதரைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களிடம் "கேட்ட கீர்த்தனையைத்தானே கேட்கிறீர்கள்" என்று எங்கள் ஜில்லாவில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அம்மாவுக்கு நான் சொன்ன பதில் கச்சேரி பற்றியே இல்லை. "அப்புச்சி வருஷா வருஷம் பாவைக்கூத்துக்குப் போவாரல்ல?" என்று மட்டும் கேட்டேன். அப்புச்சி அம்மாவின் அப்பா. அம்மா பேசவில்லை.

தோல்பாவைக்கூத்து பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோவில்களில் ராத்திரி ராத்திரியாக நடப்பது. மலையாள மண்ணில் கம்பன் பாட்டுத்தான் அதற்கு ஆதாரம். ஷொர்ணூர்ப் பக்கத்துப் புலவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அதைக் காத்து வருகின்றன. தாருகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன காளிக்காக நடத்துவது என்பது ஐதீகம். ஏழு நாள், பதினாலு நாள், இருபத்தொரு நாள் என்று கோவிலுக்குக் கோவில் கணக்கு. திரைக்குப் பின்னால் இருபத்தொரு விளக்கு. பாட்டு மாறாது. பாட்டுக்குப் புலவர் சொல்லும் பொருள் நீளும், சுருங்கும். எதிர்ப் புலவர் மடக்கிக் கேட்டால் விடியும்வரை போகும். ராமன் ஜெயிப்பான் என்று தெரியாமலா அப்புச்சி போனார்?

பெங்களூரில் மருமகனை மிக்ஸர் பக்கம் நிறுத்தினேன். பதினாறு வயசு. பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம், டியூஷன் மலையாளத்தில். பாட்டு தெலுங்கில் போனால் இருவருக்கும் புரியாது. அது ஒரு பொருட்டாகவும் இல்லை. வஞ்சிப்பாட்டை வைத்து அவர்கள் செய்த 'தி போட் சாங்' வந்தபோது சுற்றிலும் மலையாளிப் பையன்கள் தோளோடு தோள் சேர்ந்து துடுப்புப் போடுவதுபோல ஆடினார்கள். படகுப் போட்டி எங்களுக்கு டிவியில் பார்த்த சங்கதி. எங்கள் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். ஆளியாற்றுத் தண்ணீர் எப்போது திறப்பார்கள், ஒப்பந்தப்படி வரவேண்டிய 7.25 டிஎம்சி வருமா என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த ஆறு. இருந்தும் அவன் முதல் ஆளாகக் குனிந்து நிமிர்ந்து துடுப்புப் போட்டான். நானும் போட்டேன்.

நளினகாந்தி வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கிட்டார் நுழையவேண்டிய இடத்தில் குரல் மறுபடியும் தனியாகப் போனது. கொச்சியில் போன வழியா இது என்று எனக்குத் தெரியாது; தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை. மருமகன் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"மாமா, ஃபோன்ல இப்படி இல்லியே!"

"இல்லை சாமி. கேளு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

விடியற்காலை பாலக்காட்டில் இறங்கி முதல் பஸ் பிடித்துக் கொழிஞ்சாம்பாறை வந்தபோது காதுக்குள் இன்னும் ரீங்காரம் அடங்கவில்லை. அவன் பேசியது எதுவும் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. தோப்போரம் நடக்க நடக்கத்தான் ஒவ்வொரு சத்தமாகத் திரும்பி வந்தது. முதலில் காகம். அப்புறம் ஒரு டிவிஎஸ் வண்டி. அப்புறம் எங்கோ தென்னை உச்சியில் கள்ளுக்காகப் பாளையைத் தட்டும் சத்தம். மருமகன் நின்று அண்ணாந்து பார்த்தான். விரல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"அடுத்தது எப்ப மாமா?" என்றான்.