முறை நாளும் பரீட்சை நாளும்

திங்கட்கிழமை எங்கள் பாடு முறை. அன்றைக்கே தம்பிக்குப் பொன்னேரியில் இயற்பியல் பரீட்சை. இரண்டு நாளாக வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

பாடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. பழவேற்காடு ஏரியில் இறால் ஓடும் இடங்களை ஊரார் கூடி முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வோம். இன்று ஒரு கூட்டம், நாளை இன்னொன்று. கம்பு நட்டுச் சுத்துவலை கட்டி, நீரோட்டம் பார்த்து ராத்திரியெல்லாம் தண்ணீரில் கிடக்க வேண்டும். அந்த உரிமை அப்பனிடமிருந்து மகனுக்கு வரும். மகளுக்கு இல்லை. விடிந்ததும் இறாலைத் தரம் பிரிப்பதும், ஐஸ் போடுவதும், வியாபாரியிடம் விலைக்கு மல்லுக்கட்டுவதும் நான்தான். வலை கட்ட மட்டும் நான் ஆகாது. அப்பாவுக்கு இடுப்பு போனதிலிருந்து எல்லார் கண்ணும் தம்பி மேல்.

"படிப்பு வந்ததும் அப்பனை மறந்துட்டான்" என்று சித்தப்பா தெருவில் நின்று சொல்கிறார். எனக்கு வயிறு எரிகிறது. மறந்தவனா விடிகாலையில் எழுந்து வலையை அலசிப் போட்டுவிட்டு, கை வாடை போகுமுன் பஸ் பிடிக்கிறான்?

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகாதே என்று அறிவிப்பு வரும். அப்பாவுக்கு அது வரும்படி இல்லாத நாள், தம்பிக்குத் திருநாள். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பியபோது கரையில் நின்று கழுத்து வலிக்கப் பார்த்தான். அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே டெக்னீஷியன் மகன் என்று தெரிந்ததும் இயற்பியல்தான் என்று முடிவு கட்டிவிட்டான். இதில் என்ன குற்றம்?

அப்பாவா, படிப்பா என்று அவனைக் கேட்கிறார்கள். ஏரியைக் கேட்க ஆளில்லை. இறால் கடலில் பொரிந்து, முகத்துவாரம் வழியாகக் குஞ்சாக ஏரிக்குள் வந்து வளர்வது. முகத்துவாரம் மண் மூடிக்கொண்டால் எது உள்ளே வரும்? தோண்டினார்கள், மறுபடி தூர்ந்துபோனது. இறால் வலையில் ஒழுங்காக விழுந்த காலத்தில் ஒரு பிள்ளை படிக்கப் போனால் வீடு தாங்கியது. இப்போது ஒரு முறை தவறினாலே வட்டிக்காரருக்குப் பதில் இல்லை. அந்தப் பாரத்தை இருபது வயதுப் பையன் தலையில் ஏற்றி, பாசம் இல்லாதவன் என்று பேர் வைப்பதா?

பிளஸ் டூவோடு நான் நின்றபோது எந்த வாக்குவாதமும் நடக்கவில்லை. நர்சிங் படிக்க ஆசைப்பட்டேன் என்பது இந்த வீட்டில் யாருக்கு ஞாபகம்?

நேற்று ராத்திரி தைலம் தேய்த்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்பா எழுந்தார். "நான் போய்க்கிறேன், நீ போய் எழுதுடா" என்றார். தம்பி ஹால் டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

"அப்பாகூட நான் வரேன்" என்றேன்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை.